பாலைவனத்துத் தனிக் குன்றுகள்



அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பகுதியில், யூட்டா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் செந்நிறமான பாலை நிலம் ஒன்று உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் அது பரந்து கிடக்கிறது. ஓராண்டில் அங்குப் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தாலும் 10 அங்குலம் தேறாது. கோடையில் நிலம் கொதிக்கும். குளிர்கால இரவுகளில் நீர் உறையும். அந்த வெளியின் நடுவே, சுவர் எழுப்பினாற்போலச் செங்குத்தான பக்கங்களும் தட்டையான உச்சியும் கொண்ட குன்றுகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில், தனித்தனியே நிற்கின்றன. அவற்றுள் சில தரையிலிருந்து 1,000 அடிவரை உயர்ந்தவை.

இந்த இடத்திற்கு ஆங்கிலத்தில் மானுமென்ட் வாலி என்று பெயர். நினைவுச் சின்னங்களின் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள். அது நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நாடு. அவர்கள் தங்களை டினே என்று அழைத்துக்கொள்கிறார்கள். 1939இல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' என்னும் திரைப்படத்தில் ஜான் ஃபோர்ட் இந்தக் குன்றுகளைப் படம் பிடித்துக் காட்டிய பிறகு உலகம் முழுவதும் அவற்றை அறிந்தது. 1958இல் நவஹோ மக்களின் ஆட்சி மன்றம் இப்பகுதியைத் தங்கள் குலத்தின் பூங்காவாக அமைத்துக்கொண்டது.

பள்ளத்தாக்கு என்ற பெயரைக் கேட்டதும், இரு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு அறுத்துச் சென்ற இடம் என்று நீங்கள் எண்ணக்கூடும். இது அத்தகைய பள்ளத்தாக்கு அன்று. இங்கே மலைகள் எழும்பி நிற்கவில்லை. சுற்றியிருந்த நிலந்தான் போய்விட்டது. நாம் குன்று என்று காண்பது, போகாமல் எஞ்சிய மிச்சம். இந்த ஒரு கருத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், இன்று நான் சொல்லப்போகும் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். தட்டையான உச்சி விரிந்து, உயரத்தைக் காட்டிலும் அகலம் மிகுந்திருந்தால் அந்தக் குன்றை மேசா என்பார்கள். அது ஸ்பானிய மொழிச் சொல். நாம் எழுதப் பயன்படுத்தும் மேசைக்கும் அதற்கும் உறவு உண்டு. போர்ச்சுக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்த அதே சொல்தான் அது. மேசா பக்கவாட்டில் தேய்ந்து தேய்ந்து, அகலத்தைவிட உயரம் மிகுந்து நின்றால் அதற்குப் பியூட் என்று பெயர். சிறு மேடு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. பியூட்டும் தேய்ந்து ஒற்றைத் தூணாகிவிட்டால் அதைக் கற்கம்பம் எனலாம். ஆகவே, பீடபூமி, மேசா, பியூட், கற்கம்பம் என்பவை நான்கு வகைக் குன்றுகள் அல்ல. ஒரே குன்றின் நான்கு பருவங்கள். மானுமென்ட் வாலியின் சிறப்பு, இந்தப் பருவங்கள் பலவற்றை ஒரே பார்வையில் காணலாம் என்பதே.

அங்குள்ள குன்றுகளுள் பெயர் பெற்றவை மூன்று. இரண்டுக்குக் கையுறைக் குன்றுகள் என்று பெயர். கிழக்குக் கையுறை ஒன்று, மேற்குக் கையுறை மற்றொன்று. நான்கு விரல்களும் ஒன்றாகவும் கட்டைவிரல் மட்டும் தனியாகவும் உள்ள கம்பளிக் கையுறையைத் தரையில் நிமிர்த்தி வைத்தாற்போல அவை தோன்றும். மூன்றாவது, மெரிக் பியூட். இவை ஒவ்வொன்றையும் அடியிலிருந்து முடிவரை நோக்கினால் மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரியும். அடியில் படிப்படியாகச் சரிந்து இறங்கும் பாவாடை போன்ற பகுதி. அதன்மேல் ஒரே வீச்சில் எழும் செங்குத்துச் சுவர். உச்சியில் மெல்லிய மூடி. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு காலங்களில் உண்டானவை.

அடிப்பகுதிக்கு ஆர்கன் ராக் களிப்பாறை என்று பெயர். ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கேயிருந்த மலைகளிலிருந்து ஓடைகள் அடித்து வந்த சேறும் வண்டலும் தாழ்ந்த சமவெளியில் படிந்து இறுகியவை அவை. மென்மையான பாறை, கையால் உதிர்க்கக்கூடிய இடங்களும் அதில் உண்டு.

அதற்கு மேலுள்ள செங்குத்துச் சுவருக்கு டி ஷே மணற்பாறை என்று பெயர். இதன் பிறப்பு வியப்பானது. ஆற்றுவெள்ளமோ கடலோ இந்த மணலைக் கொண்டுவரவில்லை, காற்று கொண்டுவந்தது. அக்காலத்தில் கண்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெருநிலமாக இருந்தன. இந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் கிடந்தது. இன்று பாலைவனமாக உள்ள இவ்விடம் அன்றும் பாலைவனமே. மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்ந்து, புதைந்து, நிலத்தடி நீர் கொண்டுவந்த கனிப்பொருள்கள் பசைபோல் மணிகளை ஒட்டவைக்க, கல்லாயின.

இதை எப்படி அறிந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காற்று அடிக்கும் பக்கத்தில் மணல்மேடு மெல்ல ஏறும். மறுபக்கத்தில் மணல் உச்சியிலிருந்து சரிந்து விழும். காய்ந்த மணல் 30 பாகைக்குச் சற்று மேற்பட்ட சாய்வில்தான் நிலைத்து நிற்கும். அந்தச் சாய்வுகள் பாறைக்குள் அப்படியே பதிந்திருக்கின்றன. செங்கல் வரிசைபோலக் கிடையாக இராமல், குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து வெட்டிச் செல்லும் கோடுகளாக அவை தெரிகின்றன. மணல்மணிகளும் உருண்டு, ஒன்றோடொன்று மோதியதால் மேற்பரப்பு மங்கி, காற்றில் அலைந்ததற்குச் சான்று கூறுகின்றன. மணற்சரிவில் ஏறிச்சென்ற விலங்குகளின் காலடித் தடங்கள்கூட இப்பாறையில் கிடைத்துள்ளன. பாறையின் செந்நிறம் மணல்மணிகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்த இரும்பு ஆக்சைடால் வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் சிவந்திருப்பதற்கும் இரும்பே காரணம்.

உச்சியிலுள்ள மூடி, இரண்டு படலங்களாலானது. கீழ்ப்படலம் மோயன்கோப்பி எனப்படும் செந்நிறச் சேற்றுப் பாறை. மேற்படலம் ஷினரம்ப் என்னும் கடினமான பாறை. பழங்காலத்து ஆறுகள் உருட்டி வந்த கூழாங்கற்களும் பருமணலும் சேர்ந்து இறுகியது. அவ்வாறுகள் ஓடியது ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மணற்பாறைச் சுவர் முடிந்து மேலுள்ள சேற்றுப் பாறை தொடங்கும் இடம் வெறும் ஒரு கோடுதான். ஆயினும் அந்தக் கோட்டில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் மறைந்துள்ளன. அந்தக் காலத்தில் படிந்தவை பின்னர் அரித்துச் செல்லப்பட்டன. சில காலம் எதுவும் படியாமலேயும் இருந்திருக்கலாம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உலகின் கடல்வாழ் உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோன பேரழிவும் அந்த இடைவெளிக்குள்தான் நிகழ்ந்தது. அதைப் பற்றி இக்குன்றில் ஓர் எழுத்தும் இல்லை. பழைய ஏட்டுச்சுவடியில் நடுவே சில ஏடுகள் உதிர்ந்துபோயிருந்தால், படிப்பவன் அவை இல்லை என்பதையாவது உணர வேண்டும். பாறையைப் படிப்பவனுக்கும் அந்த விழிப்பு வேண்டும்.

இனி, குன்று எவ்வாறு தனித்து நின்றது என்பதைக் காண்போம்.

ஷினரம்ப் பாறைக்கு மேலும் பல அடுக்குகள் ஒரு காலத்தில் இருந்தன; அவற்றின் கனம் ஆயிரக்கணக்கான அடி. ஏறத்தாழ 7 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, பக்கவாட்டிலிருந்து நெருக்கிய அழுத்தத்தால் இப்பகுதி ஒரு பெரிய வளைவாக மேலே எழும்பியது. எழும்பிய நிலத்தை ஆறுகளும் ஓடைகளும் விடுவதில்லை. வளைவின் நடுவே மேலடுக்குகள் முழுவதும் அரித்துப் போயின. அவை இருந்தன என்பதற்குச் சாட்சி வளைவின் ஓரத்தில் உள்ளது. கிழக்கே சீப்பின் பற்களைப் போல நீண்டு கிடக்கும் கோம்ப் ரிட்ஜ் என்னும் முகட்டில், அதே அடுக்குகள் சாய்ந்து கீழிறங்குவதை இன்றும் பார்க்கலாம்.

நிலம் வளைந்தபோது மணற்பாறையில் மேலிருந்து கீழாக நீண்ட வெடிப்புகள் உண்டாயின. அழிவு தொடங்குவது அங்கேதான். மழைநீர் வெடிப்பில் இறங்குகிறது. குளிர்கால இரவில் அது உறைகிறது. உறையும்போது நீர் நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. பாறையை ஆப்புப்போல் பிளக்கிறது. பகலில் உருகி, இன்னும் ஆழமாக இறங்குகிறது. இது ஒரு புறம்.

மறுபுறம், கோடையில் திடீரென்று கொட்டும் மழை அடியிலுள்ள களிப்பாறையைக் கரைக்கிறது. மணற்பாறைக்குள் ஊறி இறங்கிய நீரும், களிப்பாறையை அடைந்ததும் மேலும் இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து, சுவரின் அடியை நைந்துபோகச் செய்கிறது. அடித்தளம் போனால் சுவர் என்னாகும்? மேலே வெடிப்பும் கீழே வெறுமையும் சேர, பெரும் பலகைபோல ஒரு பாளம் பிரிந்து, நேர்க்கோட்டில் விழுகிறது. விழுந்த இடத்தில் மறுபடியும் செங்குத்தான சுவரே தோன்றுகிறது. குன்று எவ்வளவு தேய்ந்தாலும் அதன் பக்கம் சாய்வாக மாறாமல் செங்குத்தாகவே இருப்பதன் காரணம் இதுவே. அது உச்சியில் தேய்வதில்லை, பக்கத்தில் பின்வாங்குகிறது. கையுறைக் குன்றின் கட்டைவிரலும், வெடிப்பு ஒன்று அகன்று அகன்று, தாய்ச் சுவரிலிருந்து பிரித்துவிட்ட ஒரு துண்டே.

உச்சியில் தேயாததற்குக் காரணம் அந்த மூடிதான். இதை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு உங்கள் பள்ளி மைதானத்தில் மண் சரிந்த ஓர் இடத்தைக் குனிந்து பாருங்கள். சிறு கல் ஒவ்வொன்றும், விரல் அளவு உயரமுள்ள மண்தூண் ஒன்றின் தலையில் அமர்ந்திருக்கும். சுற்றியிருந்த மண்ணை மழைத்துளிகள் அடித்துச் சென்றன. கல்லின் அடியிலிருந்த மண்ணைக் கல் காத்தது. கிராமத்தில் மண்சுவரின் தலையில் பனையோலை வேய்வதும் இதற்காகவே. ஓலை போனால் சுவர் இரண்டு மழைக்குத் தாங்காது. குன்றின் தலையில் கடினப்பாறை இருக்கும்வரை அது நிற்கும். மூடி உடைந்துவிட்டால் தேய்வு விரைவுபடும். மூடியை இழந்து மெலிந்த கம்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே உண்டு.

நான் மாணவரிடம் இக்குன்றுகளின் படத்தைக் காட்டி, 'இவற்றைச் செதுக்கியவர் யார்?' என்று கேட்டதுண்டு. பெரும்பாலோர், 'காற்று' என்றே விடை கூறுவர். பாலைவனம் என்றால் மழையில்லை, மழையில்லையென்றால் நீருக்கு வேலையில்லை என்பது அவர்கள் வாதம். அது தவறு. காற்று தூக்கிச் செல்லும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டி, மனிதனின் இடுப்பளவு உயரத்திற்குள்ளேயே பறக்கிறது. பல நூறு அடிச் சுவரை அது எவ்வாறு செதுக்கும்? பாலை நிலத்தில் மழை குறைவுதான். ஆனால் நிலத்தைப் பிடித்துக்கொள்ளப் புல்லும் வேரும் அங்கே குறைவு. ஆதலால் பெய்யும் சிறு மழையும் பெருவெள்ளமாகி, பெரிய அளவில் மண்ணை வாரிச் செல்கிறது. காற்று உதிர்ந்த மணலைக் கூட்டிப் பெருக்குகிறது; பாறையின் மேற்பரப்பைச் சிறிது தேய்க்கிறது. அவ்வளவே. இக்குன்றின் கதையில் காற்றின் பெரும்பணி பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆக்கியது காற்று, அழிப்பது நீர்.

சுவர்களைக் கூர்ந்து நோக்கினால், மேலிருந்து வழிந்த மைபோலக் கரிய பட்டைகள் தெரியும். மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள் மிக மெதுவாகப் படிந்த பூச்சு அது. எனவே கருமை மிகுந்த முகம் நெடுங்காலமாக வெயில் கண்ட முகம். பளிச்சென்று சிவந்த முகம் அண்மையில் பாளம் பெயர்ந்த முகம். எங்கே எப்போது சரிந்தது என்பதைக் குன்றே இவ்வாறு குறித்து வைக்கிறது. சரிந்த பாளம் உடைந்து, மணலாகி, ஓடைகளில் இறங்கி, வடக்கே ஓடும் சான் வான் ஆற்றைச் சேர்ந்து, அங்கிருந்து கொலராடோ ஆற்றுக்குச் செல்கிறது. முன்பெல்லாம் அது கலிபோர்னியா வளைகுடாவரை சென்று கடலில் கலந்தது. 1963இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கிய பிறகு, பவல் என்னும் ஏரியில் அந்த மணல் தங்கிவிடுகிறது. அங்கே புதிய அடுக்குகள் படிந்து வருகின்றன.

இதுவரை கூறியவற்றோடு நிறுத்திவிட்டால் குன்றின் கதையில் முக்கியமான ஒரு பகுதியை மறைத்தவனாவேன். குன்றைக் காக்கும் அந்த ஷினரம்ப் மூடிக்கு இன்னொரு வரலாறு உண்டு.

அது பழைய ஆற்றின் படுகை என்று சொன்னேன். அந்த ஆறுகள் தமக்கு அடியிலிருந்த சேற்றுப் பாறையில் கால்வாய்கள் வெட்டி ஓடின. மரங்களையும் செடிகளையும் அடித்துவந்து அக்கால்வாய்களில் புதைத்தன. பிற்காலத்தில் நிலத்தடி நீர் அவற்றின் வழியே ஊறிச் சென்றது. அந்த நீரில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் கரைந்திருந்தது. ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் கரையும். மக்கிய தாவரப் பொருளைத் தொட்டால் அது கரைந்த நிலையை விட்டுப் படிந்துவிடும். இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகளில், புதைந்த மரங்களைச் சுற்றி யுரேனியம் சேர்ந்தது. பழைய ஆறு எங்கே ஓடிற்று என்று கண்டுபிடிப்பவன், யுரேனியம் எங்கே இருக்கும் என்பதையும் கண்டுபிடித்துவிடுவான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் அணுகுண்டுகளுக்காக அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தேடியபோது, இந்த அறிவு பயன்பட்டது. மானுமென்ட் வாலிப் பகுதியிலும் நவஹோ நாட்டின் பிற பகுதிகளிலும் சுரங்கங்கள் தோண்டினார்கள். 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது எடுக்கப்பட்டது. தோண்டியவர்களுள் பெருந்தொகையினர் நவஹோ மக்களே. காற்றோட்டமற்ற சுரங்கங்களில், யுரேனியத்திலிருந்து தோன்றும் ரேடான் என்னும் கதிரியக்க வாயுவைச் சுவாசித்து, அந்தத் தூசியோடு வீடு திரும்பினார்கள். சுரங்கத்தில் கழித்த கற்களை எடுத்து வீடு கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

இத்தகைய சுரங்கங்களில் வேலை செய்வோர்க்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது ஐரோப்பிய அனுபவத்தால் முன்பே தெரிந்திருந்தது. 1950இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை இத்தொழிலாளரைப் பரிசோதித்து ஆராயத் தொடங்கிற்று. ஆயினும் அபாயம் இன்னது என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லப்படவில்லை. பலர் நோயுற்று மாண்டார்கள். 1990இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி, மன்னிப்புக் கேட்டு, இழப்பீடு வழங்க வகை செய்தது. நவஹோ நிலத்தில் கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கும் மேற்பட்டவை. 2005இல் நவஹோ ஆட்சி மன்றம், தங்கள் நாட்டில் யுரேனியம் தோண்டுவதைச் சட்டத்தால் தடுத்தது.

நண்பர்களே, நிலவியல் நூலை நான் குறை கூறவில்லை. பழைய ஆற்றின் தடத்தைக் கல்லில் கண்டுபிடித்தது அரிய அறிவு. அந்த அறிவு கனிப்பொருள் தேடியவர் கைக்குச் சென்றது; அதே பாறையிலிருந்து எழும் நச்சு வாயுவைப் பற்றிய அறிவு, அந்தப் பாறையை உடைத்தவர் காதுக்குச் செல்லவில்லை. ஓர் அறிவை ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்து, மறுபகுதியினரிடமிருந்து மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு இது போதிய சான்று.

உங்களுள் சிலர் நாளை நிலவியல் கற்பீர்கள். கனிவளம் தேடும் பணியிலும் அமர்வீர்கள். ஒரு பாறையின் வயதையும் பிறப்பையும் அறிந்துகொள்வது உங்கள் படிப்பின் ஒரு பாதி. அந்தப் பாறையின் மேல் குடியிருப்பவர்க்கும், அதை உடைத்துப் பிழைப்பவர்க்கும் நீங்கள் அறிந்ததை அவர்கள் மொழியிலேயே சொல்வது மறுபாதி. இரண்டையும் செய்பவரே அந்தப் படிப்பை முடித்தவர் என்பது என் கருத்து.